அபராஜிதன் தோற்ற கதை

சங்கத்தில் பொங்கல் விழா முடிந்து, காபி டம்ளரும் கையுமாக நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ சினிமாவுக்குப் போய்விட்டது. அண்மையில் ஏதோ ஒரு படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்து நொந்துபோயிருந்த இளைஞர் ஒருவர், "ரெண்டாவது பார்ட்டுன்னாலே காசுக்குத்தான் சார். முதல் படம் கலை, ரெண்டாவது கல்லா" என்று ஒரே போடாகப் போட்டார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்த வாசகம் உறுத்த ஆரம்பித்தது.

அவர் சொன்னதில் பாதி சரி. ஓடிய படத்தின் பெயரை வைத்து இன்னொரு படம் எடுப்பது விளம்பரச் செலவு குறைந்த வியாபாரம். அமெரிக்காவில் 'ஜாஸ்' 1975-ல் வந்து பணத்தை அள்ளிக் குவித்தது. 1978-லேயே அடுத்த சுறாவை இறக்கிவிட்டார்கள். அதே அமெரிக்காவில் 1974-ல் வந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம், சிறந்த படம் உட்பட ஆறு ஆஸ்கார் விருதுகளை வாங்கியதும் உண்மை. வசூலில் மட்டும் அது முதல் பாகத்தை எட்டவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? நாம் குடியிருக்கிற இந்தக் கொல்கத்தாவிலேயே, நம்மில் பலர் காய்கறி வாங்கப் போகும் லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், அந்த இளைஞரின் வாசகத்தைத் தலைகீழாக்கிய வரலாறு ஒன்று நடந்திருக்கிறது. இங்கே கல்லா நிரம்பியது முதல் படத்துக்கு. இரண்டாவதுக்குக் கிடைத்தது கலை மட்டும்தான்!

சத்யஜித் ரேயைத்தான் சொல்கிறேன். (நாம் 'ரே' என்கிறோம். இந்த ஊரில் 'ஷொத்தோஜித் ராய்' என்று சொன்னால்தான் முகம் மலரும். நெருக்கம் காட்ட வேண்டுமானால் 'மானிக்தா'.)

'பதேர் பாஞ்சாலி' உருவான கதை பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் விரிக்கவில்லை. விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவல் 1929-ல் நூலாக வந்தது. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த ரே, அதன் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதே அதற்குள் ஒரு சினிமாவைக் கண்டுவிட்டார். 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் முதல் நாள் படப்பிடிப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீதியை எடுக்கப் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருந்தது! மீண்டும் பூக்க ஒரு வருஷம் காத்திருந்தார்கள். மனைவியின் நகை அடகுக்குப் போனது. கடைசியில் முதலமைச்சர் விதான் சந்திர ராய் அரசுப் பணத்தை ஒதுக்கிக் கொடுத்தார். படத்தின் பெயரில் 'பாதை' இருந்ததால் அந்தத் தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் ஏறியது என்பது இன்றும் இங்கே சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்படும் செய்தி.

1955 ஆகஸ்ட் 26-ஆம் தேதி பசுஸ்ரீ திரையரங்கில் படம் வெளியானது. முதலில் கூட்டம் சுமார்தான். பிறகு வாய்மொழியாகவே பரவி அரங்கு நிறைய ஆரம்பித்தது. அது நிறைந்து ஓடும்போதே எடுத்துவிட வேண்டியதாயிற்று. காரணம், முன்பே ஒப்பந்தமான வேறொரு படம். அந்தப் படம் எது தெரியுமா? நம் ஜெமினி வாசன் இந்தியில் எடுத்த 'இன்சானியத்'. திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்த ஒரே படம். கலைப்படத்தை வியாபாரப்படம் தூக்கிவிட்டது என்று கதை கட்ட இதைவிட வசதியான சான்று கிடைக்காது. ஆனால் நடந்தது வேறு. வாசன் 'பதேர் பாஞ்சாலி'யைப் பார்த்துவிட்டு ரேயின் வீட்டையே தேடிப் போனார். முன்பே தெரிந்திருந்தால் தம் படத்தைத் தள்ளி வைத்திருப்பேன் என்ற பொருள்பட அவர் சொன்னதாக ரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 'சந்திரலேகா' எடுத்த முதலாளிக்கு நல்ல படம் எது என்று தெரியாமலா இருக்கும்? வேறு அரங்குக்கு மாறியும் படம் ஓடியது. 1956-ல் கான் விழாவில் பரிசும் வந்தது.

ஆக, அடுத்த படத்துக்கு நேரம் கனிந்திருந்தது. நாவலின் தொடர்ச்சியான 'அபராஜிதோ' 1932-லேயே புத்தகமாக வந்துவிட்டிருந்தது. இதை அந்த இளைஞருக்குச் சொல்ல வேண்டும்: இந்த இரண்டாம் பாகம் எந்தத் தயாரிப்பாளர் மூளையிலும் உதித்ததல்ல, இருபத்து நான்கு வருஷமாக அச்சில் காத்துக்கிடந்தது. அதே சமயம், முதல் படம் ஓடியிருக்காவிட்டால் இது திரைக்கு வந்திருக்காது என்பதையும் மறைக்க வேண்டாம். முதல் படத்தின் வெற்றிதான் இரண்டாவதற்கு முதல்.

'அபராஜிதோ' 1956 அக்டோபர் 11-ஆம் தேதி வெளியானது. கதை காசியில் தொடங்குகிறது. படித்துறையில் கதை சொல்லிப் பிழைக்கும் ஹரிஹர், அவர் மனைவி சர்பஜயா, பத்து வயது அபு. ஹரிஹர் காய்ச்சலில் விழுகிறார். வாயில் கங்கை நீர் விட்டதும் உயிர் பிரிகிறது. அந்தக் கணத்தில் படித்துறையிலிருந்து புறாக்கூட்டம் ஒன்று குப்பென்று வானத்தில் எழுகிறது. காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டினார் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. திறந்த முற்றத்தில் நிழலில்லாமல் பரவும் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்ப வைத்தார். இன்று எந்தக் கல்யாண வீடியோக்காரரும் செய்கிற வேலைதான். அன்று அது துணிச்சல்.

கணவன் போனபிறகு சர்பஜயா மகனை அழைத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்குத் திரும்புகிறாள். பையன் புரோகிதம் செய்து நாலு காசு கொண்டுவருகிறான். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவனுக்குப் பள்ளிக்கூட ஆசை வந்துவிடுகிறது. படிக்கிறான், உதவித்தொகை கிடைக்கிறது, கையில் ஒரு பூகோள உருண்டையோடு கல்கத்தாவுக்கு ரயில் ஏறுகிறான். இரவில் அச்சகத்தில் வேலை, பகலில் கல்லூரி. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அம்மா பேசிக்கொண்டே இருக்கிறாள். நீ சம்பாதிக்கும்போது என்னைக் கூட வைத்துக்கொள்வாயா, எனக்கு உடம்புக்கு வந்தால் வைத்தியம் பார்ப்பாயா என்று கேட்கிறாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பையன் தூங்கிவிட்டிருக்கிறான்.

ஒருமுறை ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன்வரை போனவன், வண்டி வந்து நின்றும் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி, ரயில் போய்விட்டது என்று பொய் சொல்கிறான். அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு நாள். அதற்கப்புறம் பரீட்சை, படிப்பு என்று சாக்குகள். அவள் தன் நோயை மகனுக்குத் தெரிவிக்கவே இல்லை. ஒரு ராத்திரி அவன் குரல் கேட்டதுபோல எழுந்து வெளியே வருகிறாள். குளத்தங்கரையில் மின்மினிப் பூச்சிகள்தான். அபு வந்து சேரும்போது அவள் இல்லை. அழுகிறான். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொள்கிறான். இங்கேயே தங்கிப் புரோகிதத்தைப் பார் என்கிறார் ஊர்ப்பெரியவர். பரீட்சை இருக்கிறது, காரியத்தைக் காளிகாட்டில் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். படம் அவ்வளவுதான்.

நாவலில் இந்த இடத்தில் ஒரு செய்தி இருக்கிறது. தாய் இறந்த செய்தி கேட்டதும் அபுவுக்கு முதலில் வந்த உணர்ச்சி ஒரு விடுதலைபோல இருந்ததாக விபூதிபூஷண் எழுதுகிறார். ஒரு கணம்தான், உடனே அவனே அதைக் கண்டு பதறிப்போகிறான். இந்த ஒரு இடம்தான் தம்மை இந்த நாவலுக்கு இழுத்தது என்று ரே சொல்லியிருக்கிறார். மக்கள் ஏற்றுக்கொள்ளாத இடமும் சரியாக அதுவேதான்.

படம் தோற்றது. நாவலைப் படித்தவர்களுக்கு அபுவின் தோழி லீலா படத்தில் இல்லையே என்ற குறையும் இருந்தது. ஆனால் பெரிய காரணம் தாயும் பிள்ளையும்தான். நான் 1977-ல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய வீட்டில், வீட்டுக்காரரின் அக்கா ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் மாஷிமா. அதாவது பெரியம்மா. 'பதேர் பாஞ்சாலி'யை மூன்று தடவை பார்த்தவர். அபராஜிதோ பற்றிக் கேட்டால் கையை ஒரு வீசு வீசுவார். "அதையும் பார்த்தேன் பாபா. அந்தப் பிள்ளை எங்க அபு இல்லை. அம்மா செத்துக் கிடக்கிறாள், பரீட்சையாம் பரீட்சை!"

'எங்க அபு இல்லை' என்று அந்த அம்மாள் சொன்னதைப் பல வருஷம் கழித்துத்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். பெரும்பாலான விமரிசகர்கள், ரசிகர்களுக்கு அந்தப் படத்தின் நேர்மையைத் தாங்கும் பக்குவம் இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 'பதேர் பாஞ்சாலி'யில் துர்கா மழையில் நனைந்து சாகிறாள். அந்தத் துயரத்தை அதே மக்கள்தானே தாங்கினார்கள்? யாரோ முன்பின் தெரியாத ஒரு பையன் இப்படிச் செய்வதாகத் தனிப்படம் வந்திருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இவன் தெரிந்த பையன். ரயில் பார்க்க நாணல் காட்டில் அக்காவோடு ஓடினவன். சர்பஜயாவும் தெரிந்த தாய். துர்காவைப் பறிகொடுத்து ஹரிஹர் காலடியில் விழுந்து கதறினவள். முதல் படம் அவர்களை அவ்வளவு நெருக்கமாக்கிவிட்டதால்தான் இரண்டாம் படத்தை மன்னிக்க முடியவில்லை. முதல் படத்தின் வெற்றியே இரண்டாவதைக் கவிழ்த்தது. தொடர்ச்சி எடுக்கிற எவருக்கும் உள்ள சங்கடம் இதுதான் என்று நினைக்கிறேன். சீட்டு வாங்கி வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. போன படத்தை மனசில் தூக்கிக்கொண்டு வருகிறார். அதற்கு மரியாதை செய்தால் வசூல். அதைத் தாண்டிப் போனால் கலையாகலாம், ஆனால் அரங்கம் காலி.

இதில் என் சொந்தக் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஒரு திரைப்படக் கழகக் காட்சியில் இப்படத்தை நான் முதலில் பார்த்தபோது, அம்மா ஊரில் தனியாக இருந்தாள். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று அந்த வருஷத் தீபாவளிக்குக் கடிதம் போட்டிருந்தேன். டிக்கெட்டுக்கு நான் முயற்சியே செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். திரையில் பையன் தூங்கிப்போகிற காட்சி வந்ததும் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டேன். இந்த மலரைப் படிக்கிற பலருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

1957-ல் வெனிஸ் விழாவில் 'அபராஜிதோ'வுக்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது. போட்டியில் அகிரா குரோசாவாவின் படமும் விஸ்கோந்தியின் படமும் இருந்தன. நடுவர் குழுவுக்குத் தலைவர் ரெனே கிளேர். இந்த ஊரில் ஓடாத படம்! மிருணாள் சென்னும் ரித்விக் கட்டக்கும் முதல் படத்தைவிட இதையே மேலாகக் கருதினார்கள். அங்கே செய்தியாளர்கள், இது மூன்று படங்களின் வரிசையா என்று கேட்க, அதுவரை அப்படித் திட்டமே இல்லாத ரே ஆமாம் என்று சொல்லிவிட்டார். உலகப் புகழ்பெற்ற 'அபு வரிசை' இப்படி ஒரு வாய்வார்த்தையில் முடிவானது.

ஆனால் உடனே போய் மூன்றாவதை எடுக்கவில்லை. கை சுட்டிருந்தது. 1958-ல் 'பரஷ் பாதர்' என்ற நகைச்சுவைப் படம், பிறகு 'ஜல்சாகர்'. 1959 மே மாதம்தான் 'அபுர் சன்சார்' வந்தது. சௌமித்ர சட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் இருவருக்கும் அதுதான் முதல் படம். நன்றாக ஓடியது, தேசிய விருதும் பெற்றது. ரே சமரசம் செய்துகொண்டாரா? கதையைப் பாருங்கள்: பிரசவத்தில் மனைவி இறந்ததும், பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வருஷக்கணக்கில் ஊர் ஊராக அலைகிறான் அபு. தாயை விட்டுப் போனதைவிட இது குறைந்த குற்றமா? மாஷிமாவுக்கு இந்த அபுவிடம் கோபமே இல்லை. ஏனென்றால் கடைசியில் அவன் திரும்பி வருகிறான், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்கிறான். திரும்பி வருகிறவனை ஊர் மன்னிக்கும். 'அபராஜிதோ'வில் திரும்பி வர ஆளில்லை. இது சமரசமென்று நான் சொல்லமாட்டேன். விபூதிபூஷண் எழுதியதிலிருந்து எழுந்ததுதான். ஆனால் மறுபடி கதவைத் திறந்துவைத்தார் என்பது உண்மை.

ரே இன்னொரு முறையும் தொடர்ச்சிப் படம் எடுத்தார். அங்கே கதை வேறு விதம். தாத்தா உபேந்திர கிஷோர் 1915-ல் எழுதிய கதையை வைத்து, மகன் சந்தீப் ஆசைப்பட்டான் என்பதற்காக எடுத்த படம் 'கூப்பி காயேன் பாகா பாயேன்'. 1969-ல் வெளியாகி மாதக்கணக்கில் ஓடித் தீர்த்தது. பாடத் தெரியாத கூப்பி, கொட்டத் தெரியாத பாகா, வரம் தரும் பேய் ராஜா. அந்தப் பேய் நடனத்தைப் பார்க்காத வங்காளிக் குழந்தை இல்லை. நமக்கு அதில் ஒரு பங்கு உண்டு: அந்த நடனத்துக்கு ரே எடுத்துக்கொண்டது நம் தாளவாத்தியக் கச்சேரியை. மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று நான்கு வகைப் பேய்களுக்கு நான்கு வாத்தியம். வெள்ளைக்காரப் பேய்க்குக் கடம்! முதல் தடவை கேட்டபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இவ்வளவு ஓடிய படத்துக்கு மறுவருஷமே இரண்டாம் பாகம் எடுத்திருக்கலாம். பதினோரு வருஷம் கழித்து, 1980 டிசம்பரில்தான் 'ஹீரக் ராஜார் தேஷே' வந்தது. நடுவில் நாட்டில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை. படத்தில் வைரச் சுரங்க நாட்டு ராஜா பள்ளிக்கூடத்தை மூடுகிறான், ஏட்டைக் கொளுத்துகிறான், விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று ஏழைகளை ஊரைவிட்டே துரத்துகிறான். எதிர்த்துப் பேசுகிறவனை ஒரு அறைக்குள் தள்ளி மூளையைச் சலவை செய்கிறான். எல்லாரும் எதுகை மோனையோடு பேசுகிற படத்தில் வாத்தியார் ஒருவர் மட்டும் சாதாரண உரைநடையில் பேசுகிறார். முடிவில் சலவையான ராஜாவே ஓடிவந்து, தன் சிலையைச் சாய்க்கிற கயிற்றைப் பிடித்து இழுக்கிறான். நான் பார்த்த அரங்கில் அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் கத்தினார்கள். பின்வரிசையில் பெரியவர்களும் கூடச்சேர்ந்து கத்தியது வேறு காரணத்துக்காக. படம் வந்த அந்த 1980-ல்தான் இந்திரா காந்தி மீண்டும் பிரதமராகியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாயாஜாலக் கதையென்றால் வெளிப்படையாகப் பேசலாம், இன்றைய மனிதர்களை வைத்துப் படமெடுத்தால் தணிக்கை ஓரளவுக்கு மேல் விடாது என்ற கருத்தை ரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். கூப்பி, பாகா என்ற இரண்டு பெயர்களும் சம்பாதித்து வைத்திருந்த செல்லம்தான் அந்தப் படத்துக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு. அபு விஷயத்தில் மக்கள் மனசிலிருந்த முதல் படம் தடையாக நின்றது. இங்கே அதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டார்.

துப்பறியும் ஃபெலுதா படங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974-ல் 'சோனார் கேல்லா', 1979-ல் 'ஜய் பாபா ஃபெலுநாத்'. இரண்டும் பிரபலமானவை. இரண்டாவது, காசியில் நடக்கிற கதை. ஹரிஹர் செத்த அதே ஊர்ப் படித்துறைகளுக்குத்தான் ரே திரும்பிப் போனார். மூன்றாவதை எடுக்கச் சொல்லி எவ்வளவோ பேர் கேட்டிருப்பார்கள். ஜடாயு வேடத்தில் நடித்த சந்தோஷ் தத்தா 1988-ல் காலமானதும், அவரில்லாமல் ஃபெலுதா இல்லை என்று நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த தங்கச் சுரங்கத்தை ஒரு நடிகருக்காக மூடிவிட்டவரை நம் தொழிலதிபர்கள் என்ன சொல்வார்களோ! பிறகு ஃபெலுதாவை எடுத்தது மகன் சந்தீப். கூப்பி-பாகாவின் மூன்றாவது படத்தையும் அப்பாவின் திரைக்கதையில் அவரே இயக்கினார்.

அபுவும் ஓய்ந்துவிடவில்லை. விபூதிபூஷணின் மகன் தாராதாஸ், அபுவின் பிள்ளை காஜலை வைத்து நாவல் எழுதினார். 2021-ல் சுப்ரஜித் மித்ரா, 'அபராஜிதோ' நாவலில் ரே தொடாமல் விட்ட கடைசிப் பகுதியை 'அவிஜாத்ரிக்' என்ற கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. லீலாவும் ஒருவழியாகத் திரைக்கு வந்து சேர்ந்தாள்.

2022 மே மாதம் இந்த ஊர் அரங்குகளில் 'அபராஜிதோ' என்ற பலகையும் அதன் பக்கத்தில் 'ஹவுஸ்ஃபுல்' அட்டையும் தொங்கின. மாஷிமா காலமாகி வெகுகாலம் ஆயிற்று. இருந்திருந்தால் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டியிருப்பேன். அனிக் தத்தா இயக்கிய படம். நானும் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, ஆவலோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். அபராஜிதோ ராய் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு இளைஞர், விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, காசில்லாமல், நகையை அடகு வைத்து, நாணல் பூத்த வெளியில் தம் முதல் படத்தை எடுக்கிறார். அந்த முதல் படம் ஜெயிப்பதோடு கதை முடிந்துவிடுகிறது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.